சார்ஜென்ட் பார்க்கும் வேலையை சிவிலியன் பணியிடமாக்கக் கேட்கலாமா?

அமெரிக்கப் பாதுகாப்புத் துறையில் உங்கள் பிரிவின் சம்பளக் கணக்கை எப்போதும் ராணுவத்தின் ஒரு சார்ஜென்ட்தான் பார்க்கிறார், அதை சிவிலியனுக்கு, அதாவது சீருடை அணியாத ஊழியருக்கு, மாற்றச் சொல்லலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாகச் சொல்லலாம். எந்த வேலைக்கு யார் என்று முடிவு செய்ய அந்தத் துறை 2010-இல் வெளியிட்ட 1100.22 எண் அறிவுறுத்தலின்படி, சீருடையாளர்தான் வேண்டும் என்பதற்குத்தான் காரணம் காட்ட வேண்டும்: போர்ப் பணி, ராணுவ அனுபவத்தில் மட்டுமே வரும் அறிவு, சட்டத் தேவை, வெளிநாட்டுப் பணியிலிருந்து திரும்புவோருக்கான சுழற்சி இடம், இப்படி. கணக்கு வேலைக்கு முதல் இரண்டையும் சொல்வது கஷ்டம். சுழற்சிதான் இடிக்கும் என்று நினைக்கிறேன். "வழக்கமாக அவர்தானே பார்க்கிறார்" என்பதெல்லாம் காரணமே இல்லை. சரி, முதலில் பணியிடங்களைக் கவனிக்கும் ஆளணிப் பிரிவில் அந்த இடத்துக்கு எந்தக் காரணக் குறியீடு பதிவாகியிருக்கிறது என்று கேளுங்கள். அது தெரியாமல் மனு எழுத உட்காராதீர்கள்.