ஆங்கிலச் சொற்கள் எங்கிருந்து வந்தன? – கேள்வி பதில்

கேள்வி: ஆங்கிலத்தில் பாதிக்குமேல் பிரெஞ்சும் லத்தீனும்தான். பிறகு ஏன் அதை ஜெர்மானிய மொழி என்கிறார்கள்?

பதில்: அகராதியை எண்ணினால் அப்படித்தான் வரும். பேச்சை எண்ணுங்கள். 'அண்ட்', 'வாட்டர்', 'ஹவுஸ்', 'ஈட்' எல்லாம் 5ஆம் நூற்றாண்டில் ஆங்கிள்கள், சாக்சன்கள் என்ற ஜெர்மானியக் குழுக்கள் பிரிட்டனுக்குக் கொண்டுவந்த பேச்சு. 1066இல் பிரெஞ்சு பேசிய நார்மானியர் இங்கிலாந்தை வென்றதும் பிரெஞ்சு கொட்டிவிடவில்லை. முதல் இரு நூற்றாண்டுகளில் வந்தது கொஞ்சம்தான். பிரான்சில் இருந்த அவர்கள் தாயகம் நார்மண்டி 1204இல் கைவிட்டுப் போனது; பிரபுக்கள் மெல்ல ஆங்கிலத்துக்கு மாறினார்கள். வழக்குகளை ஆங்கிலத்தில்தான் வாதாட வேண்டும் என்று 1362இல் சட்டமே வந்தது. மாறியவர்கள் பழகிய சொற்களை விட்டுவிடவில்லை, கூடவே கொண்டுவந்தார்கள். ஆகவே பிரெஞ்சு தளர்ந்த காலத்தில்தான் பிரெஞ்சுச் சொற்கள் அதிகம் நுழைந்தன. எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது.

கேள்வி: ஸ்காண்டிநேவியாவிலிருந்து வந்த வைக்கிங்குகள் என்ன கொடுத்தார்கள்?

பதில்: 'ஸ்கை', 'நைஃப்', 'விண்டோ', 'ஹஸ்பண்ட்'. 'தே', 'தெம்' கூட அவர்களுடையவை. 'எக்'கும் அப்படியே, இங்கிலாந்தின் தெற்கே அப்போது முட்டைக்கு 'எய்ரன்' என்றார்கள். தேம்ஸ் கரையில் ஒரு வணிகர் முட்டை வேண்டி 'எக்ஸ்' என்று கேட்டதும், "எனக்கு பிரெஞ்சு தெரியாது" என்றாளாம் வீட்டுக்காரி. அவருக்குக் கோபம், அவருக்கும் பிரெஞ்சு தெரியாதே! 1490இல் அச்சாளர் காக்ஸ்டன் ஒரு முன்னுரையில் இதை எழுதியிருக்கிறார்.

கேள்வி: 'டெட்' என்ற கடனுக்கு நடுவில் 'பி' எதற்கு?

பதில்: பிரெஞ்சிலிருந்து வந்தபோது இல்லை. 'டெபிட்டும்' என்ற லத்தீன் சொல்லின் நினைவாகப் படித்தவர்கள் பிறகு செருகியது.

கேள்வி: ஆட்டை வளர்த்த ஆங்கிலேயன் 'ஷீப்' என்றான், தின்ற நார்மானியப் பிரபு 'மட்டன்' என்றான். சரிதானே?

பதில்: இதே கேள்வி மூன்றாவது முறை. அடியில் உண்மை உண்டு, ஆனால் கதை ரொம்பக் கச்சிதம். 'பீஃப்', 'மட்டன்' இரண்டும் உயிருள்ள மாட்டுக்கும் ஆட்டுக்கும்கூட நெடுநாள் வழங்கின.

கேள்வி: 'கேஷ்' நம் காசுதானே?

பதில்: இரண்டு 'கேஷ்' உண்டு. ரொக்கம் என்னும் 'கேஷ்' பிரெஞ்சு, இத்தாலியப் பணப்பெட்டியிலிருந்து வந்தது. சிறு நாணயம் என்னும் 'கேஷ்' நம் காசு, போர்த்துகீசியர் வழியாகப் போனது.

கேள்வி (அதே நண்பர்): நம்மிடமிருந்து போனதை மறைக்கிறீர்கள்.

பதில்: மறைக்கவா? கிழக்கிந்தியக் கும்பினியின் மெட்ராஸில் நாணயக் கணக்கு இப்படி: 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். அந்தக் காசைத்தான் ஆங்கிலேயர் 'கேஷ்' என்று எழுதினார்கள். ரொக்கம் என்னும் 'கேஷு'க்கு, பெட்டி என்று பொருள்படும் லத்தீன் 'காப்சா' வரை தடம் இருக்கிறது. ஒலி ஒத்திருந்தால் உறவு என்று ஓடாதீர்கள்; பழைய வடிவத்தைப் பாருங்கள்.

கேள்வி (இன்னொருவர்): அப்போது 'ஒன்' என்பது ஒன்று இல்லையா?

பதில்: இல்லை. பழைய ஆங்கிலத்தில் அது 'ஆன்', ஜெர்மனில் 'ஐன்ஸ்'. பழைய வடிவம் என்று இப்போதுதானே சொன்னேன்!

கேள்வி: ஸ்போக்கன் இங்கிலீஷுக்கு வழி?

பதில்: என் துறை இல்லை. நல்ல ஆசிரியரைப் பிடியுங்கள்.

கேள்வி (காசு நண்பர்): சரி, தமிழ் என்று நீங்கள் ஒப்புக்கொள்வது எதை?

பதில்: 'கட்டமரான்', 'செரூட்', 'மல்லிகட்டானி'. கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணீர். தேங்காய் நாரைக் குறிக்கும் 'காயர்' மலையாளத்துக் கயர் வழியாகப் போனது. அதற்கும் சண்டைக்கு வராதீர்கள்.