14 மி.மீ. கல்: ஷாக் வேவா, லேசரா, முதுகில் துளையா?

கேள்வி: என் கணவருக்கு 47 வயது. குலசேகரம் பக்கம் ரப்பர் பால்வெட்டு வேலை. இடது சிறுநீரகத்தின் அடிப்பகுதியில் 14 மி.மீ. கல் இருப்பதாக ஸ்கேனில் வந்திருக்கிறது. ஒரு டாக்டர் ஷாக் வேவ் போதும் என்கிறார், இன்னொருவர் லேசர் என்கிறார். தெரிந்த ஒருவர், திருவனந்தபுரத்தில் பேக்கேஜ் பேசி ஒரே நாளில் முடித்துத் தருவதாகச் சொல்கிறார். யாரை நம்புவது?

பதில்: இரண்டு டாக்டர்கள் சொன்னதிலும் தவறில்லை. மூன்றாவது ஆளைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

ஷாக் வேவில் வெளியிலிருந்து அதிர்வலை கொடுத்துக் கல்லைப் பொடியாக்குவார்கள். பொடி தானாகச் சிறுநீரோடு இறங்க வேண்டும். அடிப்பகுதிப் பொடியோ மேலே ஏறித்தான் வெளியே வர முடியும். கிணற்றடி வண்டல் மாதிரி அங்கேயே தங்கிவிடும். கல் 1 செ.மீ.க்குள் இருந்தால் முயன்று பார்க்கலாம். 14 மி.மீ. என்றால் முதலில் சி.டி. ஸ்கேன் எடுங்கள். அல்ட்ராசவுண்ட் அளவைக் கூட்டிக் காட்டுவது உண்டு, கல்லின் கடினத்தையும் சொல்லாது. சி.டி. ரிப்போர்ட்டில் கல்லின் கடினத்தைக் காட்டும் ஹெச்.யூ. என்ற எண் 1000-ஐத் தாண்டியிருந்தால் ஷாக் வேவில் பெரும்பாலும் காசும் நாளும்தான் போகும்.

அப்போது ஆர்.ஐ.ஆர்.எஸ். நல்லது. சிறுநீர்ப் பாதை வழியாகவே வளையும் குழாயை ஏற்றி லேசரால் பொடியாக்குவார்கள், வெட்டே கிடையாது. முதுகில் துளை போடும் பி.சி.என்.எல். 2 செ.மீ.க்கு மேற்பட்ட கல்லுக்குத்தான் முதல் தேர்வு. சிறு துளையில் செய்யும் மினி முறை இவருக்கும் பொருந்தலாம். கல் ஒரே தடவையில் தீர வாய்ப்பு அதிகம், ரத்தக்கசிவு அபாயமும் சற்று அதிகம்.

ஒன்றே ஒன்றில் மட்டும் காத்திருக்கக் கூடாது. விலா வலியோடு குளிர்காய்ச்சல் வந்தால், இந்த ஒப்பீடெல்லாம் ஓரமாக இருக்கட்டும். அடைபட்ட சிறுநீரகத்தில் கிருமி சேர்ந்தால் சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்து. ஊசி போட்டுக்கொண்டு வீட்டில் படுக்கக் கூடாது, வாழைத்தண்டுச் சாறும் வேண்டாம். அன்றைக்கே, நடு ராத்திரியானாலும், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அப்போது கல்லை உடைக்க மாட்டார்கள். குழாய் வைத்துச் சிறுநீரை வடிய விடுவார்கள். காய்ச்சல் அடங்கியபிறகுதான் கல். "இன்றே லேசர்" என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள்.

இனி அந்தப் பேக்கேஜ் ஆள். ஸ்கேன் சென்டர் வாசலிலும் வாடகைக் கார் ஸ்டாண்டிலும் இப்படிச் சிலர் உண்டு. ஆள் பிடித்துக் கொடுத்தால் கமிஷன். பேக்கேஜ் தொகையில், டி.ஜே. ஸ்டென்ட் என்ற மெல்லிய குழாயை எடுக்கும் செலவு பெரும்பாலும் சேர்ந்திருக்காது. லேசருக்குப் பின் சிறுநீர் தடையின்றி இறங்க பெரும்பாலும் அதை உள்ளே விடுவார்கள். சில வாரத்தில் எடுத்தாக வேண்டும். வலி போனதும் மறந்துவிட்டு, மாதக் கணக்கில் அதிலேயே கல் படிய வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்து எனக்குச் சலித்துவிட்டது. டிஸ்சார்ஜ் சீட்டில் எடுக்கும் தேதியை எழுதி வாங்குங்கள்.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரியில் முதலில் கேளுங்கள். ஒப்புதல் வராமல் சிகிச்சைக்குப் பணம் கட்டிவிடாதீர்கள். திரும்ப வாங்க எந்தக் கவுன்ட்டரில் நிற்பது என்று அங்கே யாரும் சொல்ல மாட்டார்கள்! சி.டி.யின் குறுந்தகட்டையும் கேட்டு வாங்குங்கள், இல்லையென்றால் அடுத்த ஆஸ்பத்திரியில் மறுபடி ஸ்கேனுக்குப் படுக்கச் சொல்வார்கள்.