பற்றரியைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டு வாருங்கள்

கேள்வி: ஸ்காபரோவில் தொடர்மாடிக் கட்டடம் ஒன்றின் பதினோராம் மாடியில் இருக்கிறேன். என்னுடைய யமஹா எம்டி-07 மோட்டார் சைக்கிள் நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை நிலக்கீழ்த் தரிப்பிடத்தில்தான் நிற்கும். அங்கே பிளக் இல்லை. நிர்வாகத்திடம் கேட்டும் தரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கீழே போய்ப் பத்து நிமிடம் எஞ்சினை ஓடவிடுகிறேன். அப்படியிருந்தும் மூன்று வருடமாக ஏப்ரலில் பற்றரி செத்துத்தான் கிடக்கிறது. ஒவ்வொரு முறையும் புதிது வாங்குகிறேன். கடைக்காரர், "குளிர்காலத்துக்கு எங்களிடம் விடுங்கள், பற்றரியையும் நாங்களே பார்த்துக்கொள்வோம். இல்லாவிட்டால் லித்தியம் பற்றரிக்கு மாறுங்கள்" என்கிறார். திருட்டுப் பயத்தில் ஜிபிஎஸ் டிராக்கர் ஒன்றும் பூட்டியிருக்கிறேன். என்ன செய்யலாம்?

பதில்: பற்றரியைக் கழற்றி மேலே கொண்டுபோங்கள். தரிப்பிடத்தில் பிளக் வேண்டியதில்லை, கடையில் கொண்டுபோய் விடவும் வேண்டியதில்லை, லித்தியமும் வேண்டியதில்லை. உங்கள் பற்றரி மூன்று கிலோ அளவுதான் வரும். மின்தூக்கியில் ஒரு பையில் போட்டுக்கொண்டு போகலாம்.

முதலில் அந்த ஞாயிற்றுக்கிழமை வேலையை இன்றோடு நிறுத்துங்கள். நல்லது என்று நினைத்துத்தான் செய்கிறீர்கள், பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் பற்றரிக்கு அதனால் அநேகமாக ஒன்றும் கிடைப்பதில்லை. எஞ்சின் மெதுவாக ஓடும்போது அது உண்டாக்கும் மின்சாரத்தில் பெரும்பகுதியை முன்விளக்கும் பெற்றோல் பம்பும் இக்னிஷனுமே எடுத்துக்கொள்ளும். ஸ்ரார்ட் பண்ணுவதற்கு எடுத்த மின்சாரம் திரும்பி வந்து சேர்ந்தாலே பெரிய விடயம். மறுபக்கம் எஞ்சினுக்குக் கெடுதல். பத்து நிமிடத்தில் எஞ்சின் முழுச் சூட்டுக்கு வராது. எரிபொருள் எரியும்போது உண்டாகும் நீராவி, புகைக்குழாய்க்குள்ளும் எஞ்சின் ஒயிலுக்குள்ளும் தண்ணீராகத் தங்கிவிடும். ஒரு குளிர்காலம் முழுவதும் கிழமைக்கொரு தடவை இப்படிச் செய்தால் ஒயில் கெட்டுப்போகும், சைலன்சர் உள்ளிருந்து துருப்பிடிக்கும்.

இதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. மூடிய இடத்தில் எஞ்சினை ஓடவிட்டால் காபன் மொனொக்சைட்டு சேரும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. பெரிய நிலக்கீழ்த் தரிப்பிடங்களில் காற்றை வெளியேற்றும் விசிறிகள் இருக்கலாம். ஆனால் இதை வாசிக்கும் மற்றவர்கள் பலர் வீட்டோடு ஒட்டிய கராஜில் இதையே செய்கிறார்கள். குளிருக்காகக் கராஜ் கதவையும் மூடிவைப்பார்கள். மேலே பிள்ளைகள் படுத்திருப்பார்கள். தயவுசெய்து வேண்டாம். கதவைப் பாதி திறந்து வைத்தால் போதும் என்று யாராவது சொன்னால் அதையும் நம்பவேண்டாம்.

அப்படியென்றால் பற்றரி ஏன் சாகிறது? குளிரால் என்று எல்லோரும் சொல்வார்கள். முழுவதும் சார்ஜ் ஏறிய ஈய அமிலப் பற்றரிக்கு ரொறன்ரோக் குளிர் ஒரு பொருட்டே அல்ல. அதற்குள் இருக்கும் அமிலம் உறைவதற்கு மைனஸ் 50 பாகைக்கும் கீழே போகவேண்டும். சார்ஜ் இறங்கிவிட்டால்தான் ஆபத்து. அப்போது அமிலம் கிட்டத்தட்டத் தண்ணீராகிவிடும், மைனஸ் 8 பாகை அளவிலேயே உறைந்து பெட்டியைப் பிளந்துவிடும். உறையாவிட்டாலும் தப்பாது. சார்ஜ் குறைந்த நிலையில் கிழமைக்கணக்காகக் கிடக்கும் பற்றரியின் ஈயத் தகடுகளில் சல்பேற் படிவு இறுகிவிடும். இறுகிய பிறகு எந்தச் சார்ஜராலும் அதை முழுதாகக் கரைக்க முடியாது.

உங்கள் பற்றரியைச் சார்ஜ் இறங்க வைப்பது அநேகமாக அந்த டிராக்கர்தான். கணக்குப் பாருங்கள். அது 5 மில்லி அம்பியர் எடுக்கிறது என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு 120 மில்லி அம்பியர்-மணி. உங்கள் பற்றரியின் மொத்தக் கொள்ளளவே 8.6 அம்பியர்-மணி. மோட்டார் சைக்கிளின் கடிகாரம், கணினி நினைவகம் எடுப்பதைச் சேர்க்காமலே எழுபது நாளில் காலி. நவம்பர் முதலாம் திகதி நிறுத்தினால் ஜனவரி நடுப்பகுதியில் முடிந்துவிடும். அதன்பிறகு மூன்று மாதம் அது வெறுமையாகவே கிடக்கிறது. ஏப்ரலில் நீங்கள் பார்ப்பது பழைய மரணம்.

பற்றரியைக் கழற்றினால் டிராக்கர் என்னாகும் என்று யோசிப்பீர்கள். பலவற்றுக்குள் சின்னதாகச் சொந்தப் பற்றரி இருக்கும், அது கொஞ்ச நாள் தாங்கும். நிலத்துக்கடியில் செய்மதிச் சமிக்ஞை ஒழுங்காகக் கிடைப்பதில்லை என்பதையும் மறக்கவேண்டாம். குளிர்காலத்துக்கு நல்ல தடித்த சங்கிலி ஒன்றைப் போட்டுத் தூணோடு பூட்டுங்கள். காப்புறுதிக் கட்டணக் கழிவு டிராக்கரோடு கட்டப்பட்டிருந்தால் மட்டும் முதலில் காப்புறுதி நிறுவனத்திடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

கழற்றும் முறை இதுதான். திறப்பை எடுத்துவிட்டு, முதலில் கறுப்பு வயரை, அதாவது நெகற்றிவைக் கழற்றுங்கள். பிறகு சிவப்பு. இந்த ஒழுங்கை மாற்றவேண்டாம். சிவப்பை முதலில் கழற்றும்போது ஸ்பானர் தவறி இரும்புச் சட்டத்தில் பட்டால் பெரிய தீப்பொறி பறக்கும், கை சுடும். டிராக்கரின் வயர்களும் அதே முனைகளில்தான் இருக்கும், எது எதில் இருந்தது என்று கைபேசியில் ஒரு படம் எடுத்துவையுங்கள்.

வீட்டில் அதைச் சீமெந்துத் தரையில் வைக்கக்கூடாது என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். பற்றரிப் பெட்டிகளை மரத்தாலும் ரப்பராலும் செய்த காலத்துக் கதை அது. இன்றைய பிளாஸ்ரிக் பெட்டிக்கு எந்தத் தரையும் சரி. அடுப்புக்குப் பக்கத்திலும் பிள்ளைகள் கைக்கெட்டும் இடத்திலும் வைக்காமல், காற்றோட்டமாக ஒரு மூலையில் வைத்தால் போதும்.

சார்ஜர் வாங்கும்போது கவனம் தேவை. கார்களுக்கான 10 அம்பியர் சார்ஜரை உங்கள் மச்சான் தருவார், வாங்கவேண்டாம். சின்னப் பற்றரிக்குக் கொள்ளளவில் பத்திலொரு பங்கு, அதாவது 1 அம்பியருக்குக் கிட்டத்தான் ஏற்றவேண்டும். நிரம்பியதும் தானாகவே மின்னழுத்தத்தைக் குறைத்துக் காவல் நிலைக்குப் போகும் சார்ஜராக இருக்கவேண்டும். நோகோ ஜீனியஸ்1, பற்றரி டெண்டர் ஜூனியர் போன்றவை இந்த வகை. முதலாவது 1 அம்பியர், மற்றது 0.75 அம்பியர். பெட்டியில் "ட்ரிக்கிள் சார்ஜர்" என்று மட்டும் எழுதி மலிவாக விற்பவற்றில் பல, நிரம்பிய பிறகும் ஏற்றிக்கொண்டே இருக்கும். மூடிய பற்றரிக்குள் தண்ணீர் வற்றிப்போகும், திரும்ப ஊற்ற வழியில்லை.

நல்ல சார்ஜரைக் குளிர்காலம் முழுவதும் பூட்டியே விடலாம். மனம் ஒப்பாவிட்டால் மாதத்துக்கு ஒருமுறை ஓர் இரவு போட்டாலும் போதும். எந்த வயரும் பூட்டாத பற்றரி தானாக இழப்பது மிகக் கொஞ்சம். சார்ஜரிலிருந்து கழற்றி ஒருநாள் விட்டபின் மல்ரிமீற்றரால் அளந்து பாருங்கள். 12.8 வோல்ற் அளவில் இருந்தால் நிறைவு. 12.4 என்றால் கால்வாசி போய்விட்டது, உடனே ஏற்றவேண்டும். 12 என்றால் சல்பேற் படியத் தொடங்கியிருக்கும்.

உங்கள் கட்டட நிர்வாகத்தைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். மின்கார் சார்ஜர் பூட்டுவதை இலகுவாக்க ஒன்ராறியோ அரசு 2018 மே மாதத்திலிருந்து கொண்டோ விதிகளை மாற்றியது. அதற்கு விண்ணப்பம், கால எல்லை, பதில் தரவேண்டிய கடமை எல்லாம் இருக்கின்றன. இரண்டு வாற் அளவில் மினுங்கிக்கொண்டிருக்கும் ஒரு மோட்டார் சைக்கிள் சார்ஜருக்கு மட்டும் அப்படியொரு தனி வழி இல்லை. ஐந்து மாதமும் பூட்டியே வைத்தாலும் மின்கட்டணம் ஒன்றிரண்டு டொலருக்குள் அடங்கிவிடும். இதற்குக் கூட்டம் கூடி "கொள்கை இல்லை" என்று பதில் எழுதுகிறார்கள். ஆட்களை எரிச்சலூட்டி, கடைசியில் நடைபாதை விளக்கிலிருந்து களவாக வயர் இழுக்க வைப்பதும் இவர்கள்தான். அதுதான் உண்மையான தீ ஆபத்து.

வேறொரு சிக்கலும் வரலாம். 2023 டிசம்பர் 31 அன்று ஷெப்பர்ட்-யங் நிலையத்தில் சுரங்க ரயிலுக்குள் மின்சைக்கிள் ஒன்று தீப்பற்றியதற்குப் பிறகு, பற்றரி என்ற சொல்லைக் கேட்டாலே பயப்படுகிறார்கள். வாசலில் யாராவது மறித்தால், இது ஈய அமிலப் பற்றரி, கார்களில் இருக்கும் அதே இனம், லித்தியம் அல்ல என்று பொறுமையாக விளக்குங்கள்.

இனிக் கடைக்காரர். குளிர்காலக் களஞ்சியத்தைக் குறைசொல்ல மாட்டேன், வீட்டில் இடமே இல்லாதவர்களுக்கு அது தேவை. ஆனால் "பற்றரியையும் பார்த்துக்கொள்வோம்" என்பதற்கு என்ன அர்த்தம் என்று எழுத்தில் கேளுங்கள். நான் பார்த்த இடங்களில், நெருக்கி அடுக்கிய மோட்டார் சைக்கிள்களுக்கு நடுவே நாலைந்து சார்ஜர்களை மாற்றி மாற்றிப் பூட்டுவார்கள். பின்வரிசையில் நிற்பதற்கு முறை வருவதே இல்லை. வசந்தத்தில் "பற்றரி போய்விட்டது" என்று புதிது பூட்டிப் பில்லில் சேர்ப்பார்கள். பழையது எங்கே என்றால் மீள்சுழற்சிக்குப் போய்விட்டது என்பார்கள்.

ஒன்ராறியோ நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இந்த விடயத்தில் உங்கள் பக்கம் நிற்கிறது. வேலை தொடங்குமுன் எழுத்தில் மதிப்பீடு கேளுங்கள். அந்த மதிப்பீட்டைவிட 10 சதவீதத்துக்கு மேல் கூட்டி அறவிட முடியாது. கழற்றிய பாகத்தை உங்களிடம் திருப்பித் தர அவர்கள் முன்வர வேண்டும். பூட்டிய புதிய பாகத்துக்கும் கூலிக்கும் 90 நாள் அல்லது 5,000 கிலோமீற்றர், இதில் முந்துவது வரை உத்தரவாதம் உண்டு. இந்த உரிமைகளைப் பற்றிய அறிவித்தல் கடையில் தொங்கவேண்டும் என்றும் விதி இருக்கிறது. தொங்கும், ஏதோ ஒரு நாட்காட்டிக்குப் பின்னால். கண்காணிக்க ஆளில்லாவிட்டால் சட்டம் எழுதி என்ன பயன்? பழைய பற்றரியைக் கேட்டு வாங்குங்கள், வேறு இடத்தில் சார்ஜ் ஏற்றிச் சோதியுங்கள். நல்ல நிலையிலேயே கழற்றப்பட்டவற்றை நான் கண்டிருக்கிறேன்.

புதிய பற்றரி வாங்கும்போதும் ஏமாற்று உண்டு. சில வகைகளுக்குக் கடையில்தான் அசிட் ஊற்றுவார்கள். ஊற்றியவுடன் அது எண்பது சதவீத அளவுக்குத்தான் தயாராகும். முதல் சார்ஜை முழுதாக ஏற்றிய பிறகே தரவேண்டும். ஏப்ரல் சனிக்கிழமை வரிசையில் நிற்கும்போது யார் அதைச் செய்கிறார்கள்? அரைகுறையாகக் கையில் தந்துவிடுவார்கள், அந்தப் பற்றரி தன் முழு வலுவைப் பிறகு ஒருபோதும் எட்டாது. உங்கள் மோட்டார் சைக்கிளுக்கான வகை பெரும்பாலும் நிரப்பியே வரும். ஆனால் அது அலுமாரியில் எவ்வளவு காலம் கிடந்தது என்று பெட்டியிலுள்ள திகதியைப் பாருங்கள். எதை வாங்கினாலும் வீட்டில் ஓர் இரவு சார்ஜரில் போட்ட பிறகுதான் பூட்டுங்கள்.

லித்தியம் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இதில்தான் ஆட்கள் கூடுதலாகக் காசை இழக்கிறார்கள். லித்தியம் மோசமான பொருள் அல்ல. பாரம் இரண்டு கிலோ அளவு குறையும், பந்தயப் பாதையில் ஓடுபவருக்கு அது பெரிது. வயர் எதுவும் பூட்டாமல் வைத்தால் சார்ஜும் மிக மெதுவாகத்தான் இறங்கும். கடைக்காரர் சொல்வது இந்த ஒரு பகுதியைத்தான்.

அவர் சொல்லாதது மூன்று. ஒன்று, பெட்டியில் பெரிதாக எழுதியிருக்கும் அம்பியர்-மணி பல வேளைகளில் "ஈயப் பற்றரிக்குச் சமமானது" என்ற கணக்கு. உண்மையான கொள்ளளவு அதில் பாதிக்கும் குறைவாக இருக்கலாம். எஞ்சினை ஸ்ரார்ட் பண்ண அது போதும், டிராக்கருக்குப் போதாது. 4 அம்பியர்-மணிதான் உள்ளே இருக்கிறது என்றால் மேலே போட்ட கணக்கின்படி முப்பத்துமூன்று நாளில் காலி. லித்தியத்தை அடிமட்டம் வரை இறங்கவிட்டால் அது திரும்புவது அரிது. இரண்டு, பூச்சியம் பாகைக்குக் கீழே அதைச் சார்ஜ் பண்ணக்கூடாது, உள்ளே உலோக லித்தியம் படிந்து நிரந்தரமாகக் கெடும். மூன்று, சல்பேற் நீக்கும் நிலை உள்ள ஈயப் பற்றரிச் சார்ஜரை அதில் பூட்டக்கூடாது. லித்தியத்துக்கான தனி நிலை உள்ள சார்ஜர் வேண்டும். ஆகவே உங்களைப் போல டிராக்கர் பூட்டி, ஐந்து மாதம் நிறுத்திவைக்கும் ஒருவருக்கு லித்தியம் பொருந்தாது. ஈயப் பற்றரியைவிட இரண்டு மூன்று மடங்கு விலை கொடுத்து அதே ஏப்ரலைத்தான் வாங்குவீர்கள்.

ஏப்ரலில் பூட்டும்போது சிவப்பு முதலில், கறுப்பு கடைசியில். ஸ்ரார்ட்டரை அழுத்தும்போது மீற்றரை வைத்துப் பாருங்கள். ஓய்வில் 12.7 காட்டிய பற்றரி அந்த நேரத்தில் 10 வோல்ற்றுக்கும் கீழே விழுந்தால், அது உண்மையிலேயே களைத்துவிட்டது, மாற்றுங்கள். விழாமல் நின்றும் எஞ்சின் எடுக்கவில்லை என்றால் பற்றரியில் கை வைக்கவேண்டாம் தம்பி. முனைகள் இறுகியிருக்கின்றனவா, பக்கத் தாங்கியின் சுவிற்ச் சரியாக வேலை செய்கிறதா என்று பாருங்கள். யாராவது காரிலிருந்து வயர் கொடுத்து உதவ வந்தால், காரின் எஞ்சின் நிறுத்தப்பட்டிருக்க வேண்டும்.