பதினொரு மணிக்கு அங்கே ஐந்து மணி

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் டான்சானியா கட்டுரைகளைத் தொடர்ந்து படித்துவருகிறேன். எனக்கு 34 வயது. கரூரில் ஒரு ஜவுளி ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். டார் எஸ் சலாமில் ஒரு தொழிற்சாலையில் கணக்கு மேலாளர் வேலை வந்திருக்கிறது. இரண்டு வருஷ ஒப்பந்தம், டாலரில் சம்பளம், வீடு, கார் எல்லாம் தருகிறார்கள். வீட்டில் பெரியவர்கள் "ஆப்பிரிக்காவா?" என்று பயப்படுகிறார்கள். மலேரியா, திருட்டு, சாப்பாடு என்று ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். வெயிலும் மழையும் நம் ஊர் மாதிரிதானே, சமாளித்துவிடலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. மனைவி இங்கே ஒரு கல்லூரியில் வேதியியல் விரிவுரையாளர். வேலையை விட்டுவிட்டு வந்துவிடுவார். மகளுக்கு நான்கு வயது. போகலாமா? அங்கே வாழ்க்கை உண்மையில் எப்படி இருக்கும்? இரண்டு வாரத்துக்குள் நான் பதில் சொல்லியாக வேண்டும்.

ரா.,
கரூர்

அன்புள்ள ரா.,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். மூன்று தடவையும் ஒரே இடத்தில் நின்றுவிட்டேன். "வேலையை விட்டுவிட்டு வந்துவிடுவார்" என்ற இடம். அதற்கு அப்புறம் வருகிறேன். நீங்கள் கேட்டதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

வெயிலைப் பற்றி நீங்கள் நினைப்பது பாதி சரி. டார் எஸ் சலாம் பூமத்திய ரேகைக்குக் கொஞ்சம் தெற்கே, கடலோரத்தில் இருக்கிறது. சென்னைப் புழுக்கம் பழகியவர்களுக்கு அது புதிதில்லை. ஆனால் பருவம் தலைகீழ். இங்கே மார்கழிப் பனி இறங்கும்போது அங்கே கொளுத்தும். மார்ச்சிலிருந்து மே வரை, அந்த ஊர் சுவாஹிலி மொழியில் 'மசிகா' என்கிற பெருமழை. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை 'வூலி' என்கிற சிறுமழை. நம் ஆனி ஆடியில்தான் அங்கே நிம்மதியாகக் காற்று வரும். வேப்பமரம் உண்டு. அதை 'முவாரோபைனி' என்பார்கள். அரோபைனி என்றால் நாற்பது, நாற்பது நோய் தீர்க்கும் மரமாம். முருங்கையும் புளியும் உண்டு. தேங்காய் துருவுவதற்கு நம் அரிவாள்மணை மாதிரியே ஒரு பலகை இருக்கும், முன்னால் பல் வைத்த இரும்பு. அதன்மேல் உட்கார்ந்து துருவ வேண்டும். அதற்குப் பெயர் 'ம்பூசி', அதாவது ஆடு. சாப்பாட்டுக்கு நீங்கள் கவலைப்படவே வேண்டாம். இட்லிக்கு ஏற்ற அரிசி தேடுவதுதான் சிரமம்.

மலேரியாவுக்குப் பயப்படத்தான் வேண்டும். அங்கே பெரும்பாலும் வருவது ஃபால்சிபேரம் வகை. நம் ஊரில் அதிகம் பார்க்கும் வைவாக்ஸ் மாதிரி ஆளைப் படுக்கவைத்துவிட்டுப் போகிற காய்ச்சல் இல்லை அது, சில நாளில் மூளையைத் தொட்டுவிடும். நகரத்துக்குள் குறைவு, வெளியூர் போய்த் தங்கிவிட்டு வந்தால் அதிகம். எனக்கு மூன்றாவது மாதம் வந்தது. வைரல் காய்ச்சல் என்று பாராசிட்டமால் போட்டுக்கொண்டு இரண்டு நாள் படுத்திருந்தேன். வீட்டு வேலைக்கு வந்த பெண்தான் விடாப்பிடியாகப் பரிசோதனைக்கு இழுத்துப்போனாள். விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்தார்கள், கால் மணி நேரத்தில் பட்டையில் இரண்டாவது கோடு. மூன்று நாளுக்கு ஆறு வேளை, வேளைக்கு நான்கு மாத்திரை. பாலோடு சாப்பிட வேண்டும், கொழுப்பு இல்லாவிட்டால் மருந்து உடம்பில் சரியாகச் சேராது.

இதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. ஒருமுறை விடுமுறைக்கு ஊருக்கு வந்த பத்தாம் நாள் என் கணவருக்குக் காய்ச்சல். இங்கே ஒரு மருத்துவமனையில் டெங்கு என்று நினைத்துத் தட்டணுவை எண்ணிக்கொண்டே இரண்டு நாளைக் கடத்திவிட்டார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து வந்திருக்கிறோம், மலேரியா பாருங்கள் என்று நான் சண்டை போட்ட பிறகுதான் பார்த்தார்கள். மலேரியாதான். ஊருக்கு வந்து மூன்று மாதம்வரை உங்கள் மூன்று பேரில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும், வாசலிலேயே இதைச் சொல்லிவிடுங்கள். அப்புறம், மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைக் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போட்டுக்கொண்டு கிளம்புங்கள். போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் அந்தச் சான்றிதழ் செல்லும், ஆனால் ஆயுளுக்கும் செல்லும். பக்கத்திலுள்ள கென்யாவுக்கோ உகாண்டாவுக்கோ ஒரு தடவை போய்விட்டு ஊர் திரும்பினால் சென்னையில் அதைக் கேட்பார்கள். கையில் இல்லாவிட்டால் ஆறு நாள்வரை தனியாக வைத்துவிடலாம்.

திருட்டுக்கு ஒரே வரி: தெருவில் தோள்பையை வண்டி போகிற பக்கம் மாட்டிக்கொள்ளாதீர்கள், பைக்கில் வந்து பறிப்பார்கள்.

ஒப்பந்தத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். உங்கள் வேலை அனுமதி அந்தக் கம்பெனியின் பேரில் இருக்கும். அவர்களோடு ஒத்துப்போகவில்லை என்று அடுத்த தெருவிலுள்ள கம்பெனிக்கு நீங்கள் மாறிவிட முடியாது, எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்க வேண்டும். கணக்குப் பிரிவில் இருப்பவருக்கு இது பெரிய விஷயம். சரியில்லாத கணக்கில் கையெழுத்துப் போடச் சொன்னால், முடியாது என்று சொல்கிற தைரியம் பாதியாகக் குறைந்துவிடும். அதனால் திரும்பிவரும் டிக்கெட் பணத்தையும் மூன்று மாதச் செலவையும் முதல் வருஷமே தனியாக எடுத்து வையுங்கள், தொடாதீர்கள். சம்பளத்தில் எவ்வளவு இந்தியாவில் ரூபாயாக, எவ்வளவு அங்கே, எந்த நாள் மாற்று விலையில் என்பதை எழுதி வாங்குங்கள். மகளின் பள்ளிக் கட்டணம் யார் பொறுப்பு என்பதையும். நல்ல பள்ளிகளில் அது டாலரில் இருக்கும். இப்போது யூகேஜியில் தெரியாது, ஐந்தாம் வகுப்பில் தெரியும். அதற்குள் வந்துவிடுவோம் என்றுதான் நீங்கள் நினைப்பீர்கள். இரண்டு வருஷம் என்று 2006-ல் போன நாங்கள் 2017-ல்தான் திரும்பினோம்.

இப்போது அந்த வரிக்கு வருகிறேன்.

நான் நாமக்கல்லில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் ஒன்பது வருஷம் இயற்பியல் ஆசிரியை. என் கணவரும் உங்களைப் போலத்தான் எல்லோரிடமும் சொன்னார், வந்துவிடுவாள் என்று. நானும் வந்துவிட்டேன். அவர்மேல் எனக்குக் குறை இல்லை, நல்ல மனிதர். ஆனால் அந்த ஊரில் அவர் வாழ்ந்தது ஆலையில். காலை ஏழு மணிக்குக் கம்பெனி வண்டி வரும், மாலை திரும்பும்போது இருட்டிவிடும். அங்கே வருஷம் முழுக்க ஆறிலிருந்து ஏழுக்குள் சூரியன் இறங்கிவிடும், நீண்ட மாலை என்று ஒன்று கிடையாது. மிச்சமிருந்த பகல் முழுவதும் என்னுடையது. ஜன்னலில் இரும்புக் கம்பி, கேட்டில் 'அஸ்காரி' என்கிற காவலாளி, மூன்றாவது மாடி. 2006-ல் மழை பொய்த்து அணைகள் வற்றியிருந்தன. பகலெல்லாம் மின்வெட்டு, விசிறி ஓடாது. பதினொரு மணி ஆனால் காது தானாக மணியோசையைத் தேடும். பள்ளியில் அது எனக்கு நான்காவது பீரியட்.

உங்கள் மனைவிக்குக் கிடைக்கப்போவது உங்களைச் சார்ந்தவர் என்கிற அனுமதி. அதை வைத்துக்கொண்டு அவர் சம்பளத்துக்கு வேலை பார்க்க முடியாது, பள்ளியில் பாடம் நடத்தவும் முடியாது. யாராவது வேலை கொடுத்து, அவர் பேரில் தனியாக வேலை அனுமதி வாங்கினால்தான் உண்டு. இது அவருக்குத் தெரியுமா? எனக்குத் தெரியாது. போய் இறங்கிய பிறகுதான் தெரிந்தது. அங்கே ஒரு பள்ளி வாசலில் என் சான்றிதழ்களோடு நின்றபோது சொன்னார்கள். வீட்டுக்கு வந்து அந்தக் கோப்பைப் பீரோவுக்கு அடியில் வைத்தேன். பதினோரு வருஷம் அது அங்கேயே இருந்தது.

அந்த வீட்டுக்கு வெளியே எனக்கு ஒரு ஊர் கிடைத்தது என்றால், அது வேலைக்கு வந்த அந்தப் பெண்ணால். அங்கே வீட்டு வேலை செய்கிறவர்களை 'டாடா' என்பார்கள். அக்கா என்று அர்த்தம். அண்ணனுக்குக் 'காக்கா', அம்மாவுக்கு 'மாமா'. சந்தையில் காய்க்காரர் என்னை 'மாமா, மாமா' என்று கூப்பிட்டபோது வேறு யாரையோ என்று திரும்பிப் பார்த்தேன்.

முதல் நாள் அவள் 'சா ம்பிலி'க்கு வருவதாகச் சொன்னாள். சா என்றால் மணி, ம்பிலி என்றால் இரண்டு. நான் பையில் வைத்திருந்த சுவாஹிலிப் புத்தகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டு, மத்தியானம்தானே என்று காலையிலேயே கடைக்குப் போய்விட்டேன். மசிகா மழை பிடித்துக்கொண்டது. திரும்பி வந்தபோது அஸ்காரி சொன்னார், அவள் காலை எட்டு மணியிலிருந்து கேட் ஓரம் நின்றுவிட்டுப் போய்விட்டாள் என்று. அங்கே மணியைச் சூரியன் உதிப்பதிலிருந்து எண்ணுகிறார்கள். நம் ஏழு மணி அவர்களுக்கு ஒன்று, எட்டு மணி இரண்டு. நம் தாத்தா பாட்டி உதயத்திலிருந்து நாழிகை எண்ணியதும் இப்படித்தான். எனக்கு அது தோன்றவில்லையே என்று அன்று இரவெல்லாம் மனசு கேட்கவில்லை.

மறுநாள் எட்டு மணிக்கு நானே கேட்டுக்குப் போய் நின்றேன். அவள் உடுத்தியிருந்த கங்கா துணி இன்னும் ஈரம் காயாமல் இருந்தது. கங்காவின் கரையோரம் ஒரு வரி அச்சடித்திருப்பார்கள், பழமொழி மாதிரி. சுவாஹிலியை ஆங்கில எழுத்தில் எழுதுவதால் என்னால் எழுத்துக்கூட்ட முடிந்தது. நான் வாசிக்க வாசிக்க அவள் திருத்தினாள். அப்புறம் தினமும் பதினொரு மணிக்கு, அவள் கணக்கில் ஐந்து மணிக்கு, அவள் ம்பூசியில் தேங்காய் துருவுவாள், நான் கீரை ஆய்ந்துகொண்டே வார்த்தை கேட்பேன். ஆறு மாதத்தில் சந்தையில் தனியாகப் பேரம் பேசினேன். என் மகன் பெரியவர்களைப் பார்த்தால் 'ஷிகமோ' என்பான். உங்கள் காலைப் பிடிக்கிறேன் என்கிற மரியாதைச் சொல் அது. பதிலுக்கு 'மரஹபா' என்று தலையைத் தொடுவார்கள். நம் ஊரில் காலில் விழுந்தால் கிடைக்கும் அதே கை.

மொழி வந்த பிறகுதான் நான் அங்கே யார் என்பதும் புரிந்தது. நம்மை அங்கே 'முஹிந்தி' என்பார்கள். தலைமுறை தலைமுறையாக அங்கே கடை வைத்திருந்த குஜராத்திகளுக்கும் அதே பெயர். நாங்கள் இருந்த உபாங்கா பகுதியில் எதிர் வீட்டுப் பெரியம்மா ஒரு குஜராத்தி. அவர்கள் குடும்பம் கட்டிய கட்டடத்தை 1971-ல் அரசு எடுத்துக்கொண்டது. வாடகைக்கு விட்டிருந்த பெரிய கட்டடங்களை அன்றைய அதிபர் நைரேரேயின் அரசு அப்போது தேசியமயமாக்கியது. கொழுந்தன்கள் கனடாவுக்குப் போனார்கள், இவர் போகவில்லை. தன் சொந்தக் கட்டடத்திலேயே வாடகை கொடுத்துக்கொண்டு இருந்தார். அந்த வரலாறு தெரியாமல், 'இவர்கள் ஏன் நம்மைக் கடைக்காரன் மாதிரி பார்க்கிறார்கள்' என்று கோபப்படும் நம் ஆட்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நீங்கள் அப்படி ஆகிவிடக்கூடாது. அந்த ஊர் மனிதர்கள் மிகவும் நல்லவர்கள். நீங்கள் தடுக்கி விழுந்தால் தெருவில் பத்து பேர் 'போலே' என்பார்கள். அவர்கள் தள்ளிவிடவில்லை, ஆனாலும் வருத்தம் சொல்வார்கள்.

நாங்கள் அங்கே இருந்தபோது என் அப்பா இறந்துபோனதைப் பற்றி அதிகம் எழுத முடியவில்லை. அங்கிருந்து சென்னைக்கு எங்களுக்கு நேர் விமானம் இல்லை, தோஹா வழியாக வந்தோம். வீடு போய்ச் சேர முப்பது மணி நேரம் ஆகிவிட்டது. எனக்காகக் காத்திருக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உங்கள் இரண்டு பேர் வீட்டிலும் பெரியவர்கள் இருக்கிறார்கள். இதைப் புறப்படுவதற்கு முன்பே அண்ணன் தம்பிகளோடு உட்கார்ந்து பேசிவிடுங்கள், யார் என்ன செய்வது என்று.

போகலாமா என்று கேட்டீர்கள். போகலாம். ஆனால் முதலில் நீங்கள் மட்டும் போங்கள். உங்கள் மனைவியின் கல்லூரியில் இரண்டு வருஷம் சம்பளமில்லா விடுப்பு கிடைக்குமா என்று அவர் கேட்கட்டும். தருவதாகச் சொன்னால் எழுத்தில் வாங்கட்டும். மே விடுமுறையில் மகளோடு வந்து ஒரு மாதம் இருந்து பார்க்கட்டும். அப்போது மசிகா முடிகிற நேரம், சேறும் கொசுவும் நச்சரிக்கும். அந்த மாதத்தைப் பார்த்துவிட்டால் மிச்ச மாதங்களைப் பற்றி முடிவு செய்வது சுலபம். ராஜினாமாக் கடிதத்தை அதற்கப்புறம் எழுதினால் போதும், அவர் விரும்பினால். 2023-லிருந்து சென்னை ஐஐடியே டான்சானியாவின் ஸான்ஸிபார் தீவில் வளாகம் வைத்து நடத்துகிறது. படித்த பெண்ணுக்கு அந்தப் பக்கம் வழியே இல்லை என்று நான் சொல்லவில்லை. அந்த வழியை அவர் முன்கூட்டியே தேடட்டும், வேலை அனுமதியை அவர் பேரில் கேட்டு வாங்கட்டும். உங்கள் பெட்டியோடு பெட்டியாக வரவேண்டாம்.

கம்பெனிக்குச் சொல்லவேண்டிய பதிலுக்கு இரண்டு வாரம் இருக்கிறது. இன்று இரவு மகள் தூங்கிய பிறகு இந்தப் பதிலை அவரிடம் படிக்கக் கொடுங்கள். நீங்கள் பக்கத்தில் நின்று விளக்கம் சொல்லவேண்டாம். அவருக்குக் கேட்பதற்கு நிறைய இருக்கும். இதே முகவரிக்கு அவரையே எழுதச் சொல்லுங்கள், அன்றே பதில் போடுகிறேன்.