கழன்ற கொம்புக்கூடு திரும்ப வளருமா?

கேள்வி: கோவில்பட்டி பக்கம் இருக்கிறோம். பிள்ளைகள் ஆசைக்கு வளர்க்கிற கொடி ஆட்டுக் கிடாக்குட்டி, வயது ஐந்து மாதம். நேற்று கம்பிவலையில் கொம்பு சிக்கி, அது திமிறியதில் மேல்கூடு உறை மாதிரி கழன்று வந்துவிட்டது. உள்ளே சிவப்பாக இருக்கிறது, ரத்தமும் வந்தது. திரும்ப வளருமா? கால்சியம் டானிக் கொடுக்கலாமா?

பதில்: பயப்படாதீர்கள், கொம்பு போய்விடவில்லை. கழன்றது நகம் மாதிரியான வெளிக்கூடு மட்டும்தான், உள்ளே சிவப்பாகத் தெரிவது மண்டை ஓட்டோடு சேர்ந்த எலும்பு, அதில் ரத்த ஓட்டம் உண்டு, அதனால்தான் அவ்வளவு ரத்தம். அடிப்பகுதித் தோலும் எலும்பின் மேலிருக்கும் மெல்லிய சவ்வும் கெடாமல் இருந்தால் கூடு மறுபடி வளரும். ஆனால் நிதானமாகத்தான் வரும், சொரசொரப்பாகவோ கொஞ்சம் குட்டையாகவோ கோணலாகவோ நிற்கலாம். அதனால் குட்டிக்கு ஒரு குறையும் இல்லை.

இப்போது கவலைப்பட வேண்டியது ஈயைப் பற்றித்தான். ஈ உட்கார்ந்து முட்டை வைத்துவிட்டால் சீக்கிரமே புழு வைத்துவிடும், கொம்படியில் வைத்த புழு உள்ளே குடைந்துகொண்டு போகும். ரத்தம் இன்னும் கசிந்தால் சுத்தமான பருத்தித் துணியை மடித்து பத்து நிமிடம் விடாமல் அழுத்திப் பிடியுங்கள், நடுவில் எடுத்து எடுத்துப் பார்க்க வேண்டாம். நின்ற பிறகு, காய்ச்சி ஆறவைத்த உப்புத் தண்ணீரில் கழுவி, பொவிடோன் அயோடின் மருந்து போட்டு, துணிப்பட்டையை அடிபட்ட கொம்பில் சுற்றி மற்றக் கொம்போடு எட்டு வடிவில் கட்டினால் நழுவாது. சுற்றிலும் உள்ள தோலில் வேப்பெண்ணெய் தடவுங்கள், ஈ அண்டாது. கட்டை தினமும் பிரித்துப் பார்க்கணும். சுண்ணாம்பு, மண்ணெண்ணெய், காப்பித்தூள் எதுவும் வேண்டாம், பச்சைப் புண்ணை அது இன்னும் கெடுக்கும். மனிதர்களுக்கான வலி மாத்திரையும் கொடுக்காதீர்கள்.

ஒரே ஒரு சோதனை இன்றே செய்யுங்கள். கொம்பின் அடியை இரண்டு விரலால் மெதுவாகத் தொட்டுப் பாருங்கள், ஆடினால் எலும்பே உடைந்திருக்கிறது. அப்படி ஆடினாலும், அந்தப் பக்க மூக்கில் ரத்தம் வந்தாலும், நாற்றம் அடித்தாலும், தீனி எடுக்காமல் தலையைச் சாய்த்தபடி நின்றாலும் கால்நடை மருத்துவரிடம் உடனே போய்விடுங்கள், தூக்கிப்போக முடியாவிட்டால் கால்நடை ஆம்புலன்ஸ் எண்ணான 1962-க்கு கூப்பிடுங்கள். இதெல்லாம் இல்லாவிட்டாலும் ரணஜன்னிக்கு (டெட்டனஸ்) ஊசி போட வேண்டுமா என்று மருத்துவரைக் கேட்டுவிடுவது நல்லது, இந்த மாதிரிக் காயத்தில்தான் அது வரும், வந்துவிட்டால் ஆட்டைக் காப்பாற்றுவது கஷ்டம்.

கால்சியம் டானிக் தேவையில்லை. கொம்பு ஒழுங்காக வளர அகத்தி, வேலிமசால் மாதிரி தழை போதும், கூடவே தாது உப்புக் கலவை தினம் 5 முதல் 10 கிராம். செல்லம் என்று அரிசி, சோளம், தவிடு அள்ளிப் போடாதீர்கள். கிடாவுக்குத் தானியம் மிஞ்சினால் கல் உருவாகி மூத்திரம் அடைத்துக்கொள்ளும், கொம்பு கழன்றதைவிடப் பெரிய ஆபத்து அது.

அப்புறம் அந்தக் கம்பிவலை. குட்டியின் தலை நுழைகிற அளவு ஓட்டை இருந்தால் கொம்பு திரும்ப வரும்போது சிக்கும், அடிப்பக்கம் பலகையோ தென்னை மட்டையோ வைத்து அடைத்துவிடுங்கள். கயிற்றைக் கழுத்தில்தான் கட்டணும், கொம்பில் கட்டக்கூடாது. பிள்ளைகள் கொம்பைப் பிடித்து இழுப்பதையும் நெற்றியில் கைவைத்துத் தள்ளி முட்டு விளையாடுவதையும் இப்போதே நிறுத்துங்கள், இந்த வயதில் பழகினால் ஒரு வருடக் கிடாவானதும் அதே பிள்ளைகளைத்தான் முட்டித் தள்ளும்.