வாசகர் கேள்வி பதில்: மறுபடியும் மறுபடியும் வரும் மோட்டார்

கேள்வி: வீட்டுக் கிணற்றுக்குப் புதிய தண்ணீர் மோட்டார் வாங்க எண்ணி, இணையக் கடையொன்றில் ஒரேயொரு நாள் விலை பார்த்தேன். அன்று தொடக்கம் செய்தித்தளத்தைத் திறந்தாலும் சமையற் குறிப்பைத் திறந்தாலும் அதே மோட்டார் ஓரத்தில் வந்து நிற்கிறது. கணினியில் வைரஸ் புகுந்துவிட்டதோ என்று பயந்து, மருமகன் சொன்னபடி ஒவ்வோர் இரவும் குக்கீகள் அனைத்தையும் அழித்து வருகிறேன். இப்போது மின்னஞ்சலும் பேரனின் வகுப்புத் தளமும் தினமும் கடவுச்சொல் கேட்கின்றன, மோட்டாரோ போனபாடில்லை.
— ஓய்வுபெற்ற ஆசிரியர், கொக்குவில்

பதில்: உங்கள் கணினிக்கு நோய் எதுவும் இல்லை. குக்கீ என்பது இணையத்தளமொன்று உங்கள் உலாவியில் (குரோம் போன்ற, இணையப் பக்கங்களைத் திறக்கும் மென்பொருளில்) எழுதிவைக்கும் சிறு குறிப்பு மட்டுமே; அது தானாக இயங்கும் மென்பொருள் அன்று. 1994இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பணியாற்றிய லூ மொண்டுல்லி, இணையக் கடையில் வாடிக்கையாளர் கூடையில் இட்ட பொருட்கள் அடுத்த பக்கத்துக்குப் போகும்போது மறந்துபோகாமல் இருக்கவே இதனை அமைத்தார். மின்னஞ்சல் உங்களை அடையாளம் காண்பதும் இத்தகைய குறிப்பினால்தான். இரவுதோறும் நீங்கள் அழிப்பது பெரும்பாலும் இந்த நல்ல குறிப்புகளையே.

தொல்லை தருவது மூன்றாம் தரப்புக் குக்கீ. நீங்கள் விலை பார்த்த கடையின் பக்கத்தில், கண்ணுக்குத் தெரியாதபடி, விளம்பர நிறுவனமொன்றின் துண்டு நிரலும் பதிக்கப்பட்டிருக்கும். அது உங்கள் உலாவிக்கு ஓர் இலக்கத்தை இட்டுவைக்க, அதே நிறுவனத்தின் நிரல் பதிக்கப்பட்ட செய்தித்தளத்தை நீங்கள் திறந்தவுடன் அந்த இலக்கம் வாசிக்கப்பட்டு, ‘மோட்டார் பார்த்தவர் இவர்’ என்பது தெரிந்துவிடுகிறது. ஆப்பிளின் சபாரி உலாவி 2020இலேயே இவற்றை முற்றாகத் தடுத்தது. பயர்பொக்ஸ் 2022 முதல் ஒவ்வொரு தளத்தின் குக்கீகளையும் தனித்தனியே பூட்டிவைக்கிறது. குரோமிலிருந்து இவற்றை நீக்கப்போவதாக 2020இல் அறிவித்த கூகுள், 2024 ஜூலையில் அத்திட்டத்தைக் கைவிட்டது. விளம்பரத்தால் வாழும் நிறுவனத்திடம் வேறெதை எதிர்பார்க்க முடியும்?

ஆகவே குரோமில் அந்த வேலையை நீங்களே செய்யவேண்டும். வலது மேல் மூலையிலுள்ள மூன்று புள்ளிகளை அழுத்தி, அமைப்புகளில் தனியுரிமைப் பகுதிக்குள் சென்று, மூன்றாம் தரப்புக் குக்கீகளைத் தடுக்குமாறு தெரிவுசெய்யுங்கள். அதன் பின்னர் ஒரு தடவை மட்டும் எல்லாவற்றையும் அழித்துவிட்டு, இரவு வேலையை நிறுத்திவிடலாம். வகுப்புத் தளம் ஏதும் முரண்டு பிடித்தால், அந்தத் தளத்துக்கு மட்டும் விலக்களியுங்கள். பேரனுக்கென உலாவியில் தனிச் சுயவிவரமும் திறந்து கொடுப்பது நல்லது. அவர் பார்ப்பவை உங்கள் பக்கத்திலும், நீங்கள் பார்ப்பவை அவர் பக்கத்திலும் கலக்கமாட்டா.

குக்கீகளை அழித்த பிறகும் மோட்டார் வருகிறது என்கிறீர்களே, அதற்குக் காரணம் பெரும்பாலும் உங்கள் கூகுள் கணக்கு. காலையில் மீண்டும் உள்நுழைந்ததும், கணக்கில் சேமிக்கப்பட்ட தேடல் வரலாறு பழையபடி உங்களைக் காட்டிக்கொடுக்கும். அது உங்கள் கணினியில் அன்றி கூகுளின் வழங்கியில் (தகவல்களைச் சேமித்துவைக்கும் அந்நிறுவனத்தின் கணினியில்) இருப்பதால், இங்கே எவ்வளவு கூட்டித் துடைத்தாலும் அழியாது. கணக்கின் விளம்பர அமைப்புக்குள் சென்று, தனிப்பயனாக்கிய விளம்பரங்களை நிறுத்திவிடுங்கள். விளம்பரங்களின் எண்ணிக்கை குறையாது; ஆனால் அவை உங்கள் கிணற்றடி வரை வரமாட்டா.

கேள்வி: உலாவியின் மறைநிலைச் (Incognito) சாளரத்தைப் பயன்படுத்தினால் என்னை எவரும் அறியமாட்டார்களா?
— மாணவி, சாவகச்சேரி

பதில்: அச்சாளரத்தை மூடியதும் அதன் வரலாறும் குக்கீகளும் உங்கள் கணினியிலிருந்து நீங்கும்; வீட்டிலுள்ள மற்றவர்களுக்குத் தெரியாது. இணைய இணைப்பைத் தரும் நிறுவனத்துக்கு நீங்கள் எந்தத் தளங்களுக்குச் சென்றீர்கள் என்பது தெரியும். அச்சாளரத்திலேயே முகநூலுக்குள் நுழைந்தால், முகநூலுக்கும் தெரியும்.