அப்பாவுக்கு எந்த ரேடியோ? பேண்டுகளை எண்ணாதீர்கள்

கேள்வி: சுங்கை சிப்புட் டவுனிலிருந்து உள்ளே தள்ளி ஒரு தோட்டத்தில் இருக்கிறோம். அப்பாவுக்கு 74 வயது, மண்டோராக (தோட்டத்து மேற்பார்வையாளராக) இருந்து ஓய்வு பெற்றவர். பெரிய செட் ஒன்றில் இலங்கை வானொலியும் பிபிசி தமிழோசையும் கேட்டு வளர்ந்தவர். அந்தச் செட் போய்ப் பல வருஷம் ஆகிறது. இப்போது சிற்றலை (ஷார்ட்வேவ்) எடுக்கும் சின்ன ரேடியோ ஒன்று வேண்டும் என்கிறார். வீட்டில் கைப்பேசி லைன் வந்தும் வராமலும் இருக்கும். 400 வெள்ளி வரை செலவு செய்யலாம். பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) 60 வெள்ளிக்கே 12 பேண்டு ரேடியோ விற்கிறார்கள். எதை வாங்குவது?

பதில்: காசை எடுப்பதற்கு முன் அப்பாவிடம் ஒரு விஷயத்தைப் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். அவர் மனதில் இருக்கும் நிலையங்கள் பலவும் இன்று சிற்றலையில் இல்லை. 1941இல் தொடங்கிய தமிழோசை, 2017 ஏப்ரல் 30ஆம் தேதியோடு சிற்றலையை விட்டுவிட்டது. பிலிப்பைன்ஸிலிருந்து வந்துகொண்டிருந்த வேரித்தாஸ் தமிழ் 2018 ஜூன் கடைசியில் நின்றது. நம் வானொலி 6 கூட ஒரு காலத்தில் காஜாங்கிலிருந்து 4845 கிலோஹெர்ட்ஸில் வந்ததுதான். இன்று அது மின்னல் பண்பலை. இதையெல்லாம் சொல்லாமல் ரேடியோவை மட்டும் கையில் கொடுத்தால், மூன்றாம் நாள் "செட்டு சரியில்லம்மா" என்பார். செட்டின் மேல் குற்றம் இருக்காது.

அதற்காக வாங்க வேண்டாம் என்று சொல்லவில்லை. அட்வென்டிஸ்ட் உலக வானொலி, வத்திக்கான் வானொலி போன்ற சமய நிலையங்கள் தமிழில் சிற்றலையைத் தொடர்ந்து பயன்படுத்தி வருகின்றன. ஆனால் அவை தெற்காசியாவை நோக்கி வீசப்படுபவை. நமக்குக் கிடைப்பது பந்தியின் கடைசி வரிசைச் சாப்பாடு. சீனம், கொரியா, ஜப்பான், வியட்நாம் பக்கத்து நிலையங்கள் ஆங்கிலத்திலும் பிற மொழிகளிலும் நம் வானத்தில் தாராளமாக விழும். அப்பாவுக்கு மின்னலும் ராகாவும் மட்டும் போதும் என்றால் சாதாரண எஃப்எம் செட்டே போதும், மீதிக் காசுக்கு வேறு ஏதாவது வாங்கிக் கொடுங்கள். முள்ளைத் திருப்பித் திருப்பித் தேடுவதில்தான் அவருக்கு ருசி என்றால் மேலே படியுங்கள்.

முதலில் அந்த 60 வெள்ளி சமாசாரம். டார்ச் லைட், யூஎஸ்பி, புளூடூத் எல்லாம் சேர்ந்த செட்டுகளில் பலவற்றில் சிற்றலை ஒப்புக்குத்தான் இருக்கும். ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். 7 முதல் 22 மெகாஹெர்ட்ஸ் வரை ஒரே பேண்டாக, அதாவது ஒரே அலைவரிசைத் துண்டாக, முள் ஓடும் 7 சென்டிமீட்டருக்குள் அடைத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். சிற்றலையில் நிலையங்கள் 5 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் உட்கார்ந்திருக்கும். அப்படியானால் மொத்தம் 3,000 இருக்கைகள், ஒரு மில்லிமீட்டருக்குள் 40க்கு மேல். எந்த விரலால் அதைப் பிடிப்பது? பேண்டுகளைத் தனித்தனியாகப் பிரித்த செட்டில் 31 மீட்டர் பேண்டு மட்டும், அதாவது 9400 முதல் 9900 கிலோஹெர்ட்ஸ் வரை, அதே 7 சென்டிமீட்டருக்கு விரியும். மில்லிமீட்டருக்கு ஒன்று அல்லது இரண்டு இருக்கைதான். பேண்டு அதிகமாக இருப்பதன் உண்மையான பயன் இந்த விரிவு. 12 என்ற எண்ணைப் பெட்டியில் அச்சடிப்பதற்கு மட்டும் செலவே கிடையாது.

மலிவான முள் செட்டில் இன்னொரு கோளாறும் உண்டு. ஒரே நிலையம் இரண்டு இடத்தில் கேட்கும். 9600இல் வரும் பலமான நிலையம் 8690இலும் பேசும். செட்டுக்குள் வரும் அலையை 455 கிலோஹெர்ட்ஸ் என்ற தாழ்ந்த அலைவரிசைக்கு ஒரே தடவையில் இறக்குவதால் வரும் நிழல் அது. இடைவெளி எப்போதும் அதன் இரட்டிப்பு, 910. அப்பாவுக்கு இது பழகிய பேயாகக்கூட இருக்கலாம். நல்ல செட்டில் அலையை இரண்டு தடவை இறக்குவார்கள், நிழல் பெரும்பாலும் ஒழிந்துவிடும்.

என் தேர்வு, எண் திரையும் எண் பட்டன்களும் உள்ள டிஜிட்டல் செட். அட்டவணையில் 9850 என்று இருந்தால் 9, 8, 5, 0 என்று அழுத்தினால் ஆயிற்று. டெக்சன் பிஎல்-330 உங்கள் பட்ஜெட்டுக்குள் பெரும்பாலும் அடங்கும். பக்கவாட்டில் திருகு இருப்பதால் தேடும் சுகமும் போகாது. நான் அதை விரும்ப இன்னொரு காரணம் பேட்டரி. பழைய நோக்கியா போனில் போட்டோமே, அந்த பிஎல்-5சி தான். டவுனில் போன் கடையில் கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். குறை என்னவென்றால் பட்டன்கள் பொடி, பாதி வேலைகள் நீண்ட நேரம் அழுத்தினால்தான் நடக்கும். மரம் சீவிக் காய்த்த விரலுக்கு அது தொல்லை. ஆகவே பத்து நிலையங்களை நீங்களே நினைவில் பதிந்து கொடுங்கள். கொஞ்சம் பெரிய உடம்பு வேண்டுமென்றால் எக்ஸ்ஹெச்டேட்டா டி-808 பாருங்கள். அதற்கு 18650 ரகப் பேட்டரி, டார்ச் லைட்டில் வருவது. அப்பா எண்ணெல்லாம் வேண்டாம், முள்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் டெக்சன் ஆர்-9012. விலை குறைவு. மேலே சொன்ன நிழல் அதில் உண்டு, ஆனால் பேண்டு விரிந்திருக்கும்.

விளம்பரத்தில் எஸ்எஸ்பி என்று ஒன்றைப் பெரிதாகப் போடுவார்கள். அது அமெச்சூர் வானொலிக்காரர்கள், கப்பல்காரர்கள் பேச்சைக் கேட்க. பாட்டுக்கும் செய்திக்கும் தேவையில்லை.

இப்போது நான் முக்கியம் என்று நினைக்கும் விஷயம். 400 வெள்ளி செட்டையும் 4,000 வெள்ளி செட்டையும் ஒரே மாதிரி ஊமையாக்குவது வீட்டுக்குள் இருக்கும் இரைச்சல். எல்ஈடி விளக்கு, போன் சார்ஜர், ஆஸ்ட்ரோ பெட்டி, வைஃபை ரவுட்டர், இவை எல்லாமே சிற்றலையில் 'கர்ர்' என்று கத்தும். வாங்குவதற்கு முன்பே சோதிக்கலாம். பக்கத்து வீட்டில் பேட்டரியில் ஓடும் மத்தியலை (ஏஎம்) செட் இருந்தால் ராத்திரி எட்டு மணிக்கு இரவல் வாங்குங்கள். நிலையம் இல்லாத இடத்தில் முள்ளை நிறுத்தி, வீட்டு மெயின் சுவிட்சை ஒரு நிமிஷம் இறக்குங்கள். இரைச்சல் சட்டென்று அடங்கினால் குற்றவாளி உங்கள் வீட்டுக்குள்தான். ஒவ்வொரு பிளக்காகப் பிடுங்கிக் கண்டுபிடியுங்கள். புது செட்டையும் சார்ஜ் வயரைப் பிடுங்கிவிட்டுத்தான் கேட்க வேண்டும்.

லயத்து வீடு என்றால் தகரக் கூரை. அது அலையை வெளியிலேயே நிறுத்திவிடும். அப்பாவின் நாற்காலியை உள்ளறையிலிருந்து அஞ்சடிக்கு (முன் தாழ்வாரத்துக்கு) கொண்டுவந்தால் பாதிப் பிரச்சினை தீரும். மேலும் ஐந்து ஆறு மீட்டர் உறை போட்ட வயரை ஏரியலில் கவ்விவிட்டு மறுமுனையை மரத்தில் கயிறு கட்டித் தொங்கவிடுங்கள். மின்கம்பி பக்கம் மட்டும் போகவே கூடாது. நீளம் கூடக்கூட நல்லது என்று எண்ணாதீர்கள், சின்ன செட் திணறும். நான் அந்தப் பேராசையில் ரம்புத்தான் மரம் வரை 20 மீட்டர் இழுத்தேன். ஒரு சாயங்காலம் நாலு மணிக்கு மழை வந்தது, வயரைக் கழற்ற மறந்தேன், பக்கத்தில் எங்கோ ஓர் இடி. மறுநாள் மத்தியலை பாடியது, சிற்றலை செத்துக் கிடந்தது. ஏரியலுக்கு அடுத்து முதலில் நிற்கும் டிரான்சிஸ்டர் கருகியிருந்தது. வானம் இருண்டால் வயரைக் கழற்றுவது அப்பாவின் வேலை என்று சொல்லிவிடுங்கள்.

நேரத்துக்கு வருவோம். சிற்றலை மேலே போய், வானத்தின் அயனி அடுக்கில் பட்டுத் திரும்பி விழுவது. அதனால்தான் மலைக்குப் பின்னால் எஃப்எம் சாகும் பள்ளத்திலும் அது எட்டும். பகலில் 15, 17 மெகாஹெர்ட்ஸ் பக்கம் பாருங்கள். இருட்டியபின் 11, 9, 7 என்று கீழே இறங்குங்கள். அட்டவணைகள் உலக நேரத்தில் (யூடிசி) இருக்கும், 8 மணி கூட்டினால் நம் நேரம். மார்ச், அக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறன்று அலைவரிசைகள் மாறும், அப்போது புது அட்டவணை ஒன்றை டவுனில் அச்செடுத்துக் கொடுங்கள்.

மத்தியலையையும் விட்டுவிடாதீர்கள். இலங்கையில் புத்தளத்திலிருந்து 882 கிலோஹெர்ட்ஸில் 400 கிலோவாட் பலத்தில் ஒரு சமய நிலையம் தமிழ் உட்பட இந்திய மொழிகளில் பேசுகிறது. ராத்திரி முற்றியபின் முயன்று பாருங்கள், வாக்கு மட்டும் தரமாட்டேன். இதற்கு வெளி ஏரியல் உதவாது. செட்டுக்குள் இருக்கும் கறுப்புக் கம்பிதான் பிடிக்கும், ஆகவே செட்டையே மெல்லத் திருப்ப வேண்டும். வாங்கிய அன்றே மத்தியலை இடைவெளி 9 கிலோஹெர்ட்ஸில் இருக்கிறதா என்று பாருங்கள். அமெரிக்காவுக்கான 10இல் இருந்தால் தேடல் 880, 890 என்று தாண்டித் தாண்டி ஓடும், 882இல் நிற்கவே நிற்காது.

பழைய சோனி 7600ஜிஆர் யாராவது விற்றால் ஆசைப்படலாம், அருமையான செட், தயாரிப்பு நின்றுவிட்டது. பேட்டரி மூடியைத் திறந்து ஸ்பிரிங்கைப் பாருங்கள். பச்சை பூத்திருந்தால் வேண்டாம். ஏரியல் அடியில் ஆடுகிறதா என்று அசைத்துப் பாருங்கள். ஸ்பீக்கர் ஓட்டைகளை வெளிச்சத்தில் பிடித்து உள்ளே எறும்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். சிரிக்காதீர்கள், நம் ஊர் ஈரத்தில் நான் இரண்டு செட்டில் கூடு பார்த்திருக்கிறேன்.